விழுந்தவருக்குத் தெரியாத கதை

மயக்கம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தீர்ந்துபோகும் தொல்லை. தவறாகப் புரிந்துகொண்டால் வருடக்கணக்கில் தேவையில்லாத மாத்திரை. அலட்சியம் செய்தால் உயிருக்கே ஆபத்து. காரணத்தைக் கண்டுபிடிக்க முதலில் தேவைப்படுவது ஸ்கேன் அல்ல, பார்த்தவரின் சாட்சியம்.

சுதந்திர தின விழா. கொடியேற்றம் முடிந்து சிறப்பு விருந்தினரின் உரை இருபதாவது நிமிடத்தைத் தாண்டும்போது, மாணவர் வரிசையில் ஒரு பெண் சத்தமில்லாமல் சரிகிறாள். ரத்த தான முகாமில் தன் முறைக்காகக் காத்திருக்கும் வாட்டசாட்டமான இளைஞர், அடுத்தவர் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்த மாத்திரத்தில் தரையில் கிடக்கிறார். நள்ளிரவில் சிறுநீர் கழிக்க எழுந்த பெரியவர் கழிவறை வாசலில் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார். கால்பந்து மைதானத்தில் பந்தைத் துரத்தி ஓடும் 16 வயதுப் பையன் திடீரென்று குப்புற விழுகிறான்.

நான்குக்கும் நம் வீடுகளில் ஒரே பெயர்தான்: மயக்கம். காரணமும் தயாராக இருக்கும். "காலையில் சாப்பிடவில்லை", "பி.பி. இறங்கிவிட்டது", "உடம்பில் ரத்தமே இல்லை". ஆனால் டாக்டரின் பார்வையில் நான்கும் ஒன்றல்ல. மாணவிக்கும் இளைஞருக்கும் வந்தது அநேகமாக ஆபத்தில்லாதது. பெரியவருக்கு மயக்கத்தைவிட விழுந்ததே பெரிய ஆபத்து. அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். அந்தப் பையனையோ அன்றைக்கே இதய மருத்துவரிடம் கொண்டுபோயாக வேண்டும். சோடா தெளித்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த முறை அவன் எழுந்திருக்காமலே போகலாம்.

மயக்கத்தில் ஒரு விசித்திரமான சிக்கல் உண்டு. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது நோய் போய்விட்டிருக்கும். நாடி சரியாக இருக்கும். ரத்த அழுத்தம் சரியாக இருக்கும். "என்ன நடந்தது?" என்று கேட்டால், "தெரியவில்லை டாக்டர், கண் விழித்தபோது கீழே கிடந்தேன்" என்பார். நடந்ததைச் சொல்ல வேண்டிய முக்கிய சாட்சி, நடந்தபோது நினைவிலேயே இல்லை. இந்த வெற்றிடத்தைத்தான் பல இடங்களில் ஸ்கேன்களைக் கொண்டு நிரப்பப் பார்க்கிறார்கள்.

ஏழெட்டு விநாடி போதும்

மூளையின் எடை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு செலவாளிக்குக் கையிருப்பு என்று எதுவும் கிடையாது. ரத்த ஓட்டம் 6 முதல் 8 விநாடிகள் தடைப்பட்டாலே நினைவு தப்பிவிடும்.

நிமிர்ந்து நிற்பது நாம் நினைப்பதைவிடக் கடினமான வேலை. படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் அதிகமான ரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் இறங்கித் தேங்குகிறது. உடனே நரம்பு மண்டலம் ரத்தக் குழாய்களை இறுக்கி, இதயத் துடிப்பைக் கூட்டி நிலைமையைச் சமாளிக்கிறது. ஒரு நாளில் எத்தனையோ தடவை நாம் அறியாமலே இது நடக்கிறது. இந்த ஏற்பாடு பிசகும்போது வருவதே மயக்கம்.

கீழே விழுவதும் ஒரு வகையில் இயற்கையின் சிகிச்சைதான். உடல் மட்டமாகக் கிடந்தவுடன் ரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டியதில்லை. மூளைக்கு எளிதாகப் போகிறது, நினைவு திரும்புகிறது. அதனால்தான் மயங்கியவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது தவறான உதவி. நெரிசலான பஸ்ஸில் விழ இடமில்லாமல் நின்றபடியே மயங்குபவருக்கும் இதே கதிதான். மூளைக்கு ரத்தம் போவது தாமதமாகிறது, கை கால் வெட்டி இழுக்கவும் ஆரம்பிக்கலாம்.

மூன்று வகை

டாக்டர்கள் மயக்கத்தை மூன்று பெரும் பிரிவாகப் பார்க்கிறார்கள். முதலாவது, நரம்பு அனிச்சைச் செயலால் வருவது. எல்லா வயதிலும் அதிகம் காணப்படுவது இதுதான். 1932ல் பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் இதற்கு வேசோவேகல் மயக்கம் என்று பெயர் வைத்தார். வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைக் குறைக்கிறது. அதே நேரத்தில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. இரண்டும் சேர்ந்து ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. தூண்டுவது நெடுநேரம் நிற்பதாக இருக்கலாம், புழுக்கம், வலி, பயம், ரத்தத்தைப் பார்ப்பது எதுவாகவும் இருக்கலாம். சிலருக்குச் சிறுநீர் கழிக்கும்போதும், மலம் கழிக்க முக்கும்போதும், அடுக்கடுக்காக இருமும்போதும் வரும். வயதான சிலருக்குக் கழுத்துப் பட்டன் இறுக்கினாலோ, சவரம் செய்யும்போது கழுத்தை அழுத்தினாலோ கூட வரும்.

இந்த வகை சொல்லிக்கொண்டு வரும். முதலில் குமட்டல், கொட்டாவி, குளிர்ந்த வியர்வை. பிறகு கண் இருட்டும், சத்தங்கள் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு முகம் காகிதம்போல் வெளுத்துத் தெரியும்.

இரண்டாவது வகை, எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிவது. நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ குறைந்தால் இந்தக் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். நீண்ட நாள் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்தவர்களுக்கும், பார்க்கின்சன் நோயாளிகளுக்கும், வயிற்றுப்போக்கில் நீரிழந்தவர்களுக்கும் இது வரலாம். முதியவர்களிடம் அடிக்கடி குற்றவாளியாக இருப்பது மருந்துப் பெட்டி. ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிய மாத்திரை, பிராஸ்டேட் வீக்கத்துக்கு ஒரு மாத்திரை, தூக்கத்துக்கு ஒன்று என்று நாலு டாக்டர்கள் தனித்தனியாக எழுதித் தந்ததெல்லாம் ஒரே உடம்பில் சேர்ந்து வேலை செய்கின்றன.

உடலுக்குள் ரத்தம் கசிவதும் இந்த வகையில்தான் வெளிப்படும். கறுப்பாக, தார் போல மலம் போகிறவர் மயங்கினால் குடல் புண்ணில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். திரைப்படங்களில் கதாநாயகி மயங்கி விழுந்ததும் ஒருவர் நாடி பிடித்துப் பார்த்துச் சிரிப்பார். வீடே இனிப்பு வழங்கும். நிஜத்தில் மாதவிலக்கு தள்ளிப்போன பெண் அடிவயிற்று வலியோடு மயங்கினால் சிரிக்க நேரமில்லை. கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் வளர்ந்து வெடித்திருக்கலாம். சில மணி நேரத் தாமதம் கூட உயிரைப் பறித்துவிடும்.

மூன்றாவது வகைதான் டாக்டர்களைக் கவலைப்பட வைப்பது: இதயத்தால் வரும் மயக்கம்.

எச்சரிக்கை மணி

அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் புகழ்பெற்ற இதய ஆய்வு இந்த வித்தியாசத்தைத் துல்லியமாகக் காட்டியது. 2002ல் வெளியான அதன் அறிக்கை 7,814 பேரைப் பின்தொடர்ந்தது. இவர்களில் 822 பேர் மயங்கியிருந்தார்கள். வேசோவேகல் மயக்கம் வந்தவர்கள் மற்றவர்களைப் போலவே வாழ்ந்தார்கள், ஆயுள் குறையவில்லை. இதயக் காரணத்தால் மயங்கியவர்களுக்கோ மரண அபாயம் இரு மடங்காக இருந்தது. இன்னொரு உண்மையையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்களுக்குக் காரணமே தெரியவரவில்லை.

இதயம் இரண்டு விதமாக மயக்கம் தரும். ஒன்று, ரத்தம் வெளியேறும் வழியில் தடை. சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் பல வருடம் கழித்து வால்வைச் சுருக்கிவிடுவது இந்தியாவில் இன்னும் ஒழியவில்லை. பரம்பரையாக இதயத் தசை தடித்துப்போகும் நோய் இன்னொன்று. ஓடும்போது கூடுதல் ரத்தம் கேட்கும் உடலுக்கு இதயத்தால் அதைக் கொடுக்க முடிவதில்லை. மைதானத்தில் விழும் பிள்ளைகள் விஷயத்தில் இந்தச் சந்தேகம் முதலில் எழ வேண்டும்.

மற்றொன்று, இதயத்தின் மின்சாரக் கோளாறு. துடிப்பு மிக வேகமாகலாம், மிக மெதுவாகலாம், சில விநாடிகள் நின்றே போகலாம். க்யூ.டி. நீட்சி என்ற பரம்பரைக் குறைபாட்டில் இதயம் பார்ப்பதற்கு முழு ஆரோக்கியமாக இருக்கும், இ.சி.ஜி. தாளில் ஓர் இடைவெளி மட்டும் நீண்டிருக்கும். இந்தக் குறையுள்ள சிலர் நீச்சலடிக்கும்போது மயங்குவார்கள். சிலர் அலாரமோ தொலைபேசியோ திடீரென்று அலறும்போது மயங்குவார்கள். வலிப்பு என்று எண்ணி வருடக்கணக்கில் மாத்திரை கொடுக்கப்பட்டு, பிறகு ஒரு நாள் திடீரென்று இறந்துபோனவர்களின் கதைகள் மருத்துவ நூல்களில் உண்டு.

முதியவர்களுக்கு வருவது பெரும்பாலும் துடிப்பு மெதுவாகும் ரகம். இது சரிசெய்யக்கூடியது என்பதற்கு ஸ்வீடனின் ஆர்னே லார்சனே சாட்சி. இதயத்தின் மின்பாதை அடைபட்டதால் ஒரு நாளில் பல முறை நினைவிழந்துகொண்டிருந்த அவருக்கு 1958ல் ஸ்டாக்ஹோமில் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. முதல் கருவி சில மணி நேரமே உழைத்தது. 20க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டு 2001 வரை அவர் வாழ்ந்தார். கருவியைக் கண்டுபிடித்த ரூனே எல்ம்க்விஸ்ட், பொருத்திய அறுவை நிபுணர் ஒகே சென்னிங் இருவரையும்விட அதிக காலம் உயிரோடு இருந்தார்.

வலிப்பு என்ற முத்திரை

அலட்சியம் ஒரு பக்கம் என்றால், அவசர முடிவு மறுபக்கம். மயங்கியவரின் கை கால்கள் வெட்டினால் சுற்றியிருப்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: வலிப்பு. யாரோ ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார். வட மாநிலங்களில் செருப்பை மோந்து பார்க்க வைப்பார்கள். சில விநாடிகளில் நினைவு திரும்பும். இரும்பு ஜெயித்ததாகப் பேச்சு பரவும். திரும்பியது இரும்பாலோ தோலாலோ அல்ல, தானாகவே.

சாதாரண மயக்கத்திலும் உடல் வெட்டும் என்பதை 1994ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வீடியோ படமெடுத்தே காட்டினார்கள். ஆரோக்கியமான இளம் தொண்டர்களை வேகமாக மூச்சுவிட வைத்து, சட்டென்று எழுந்து நிற்கச் செய்து, மூச்சை அடக்கி முக்க வைத்தார்கள். 42 பேர் முழுமையாக மயங்கினார்கள். மயக்கம் சராசரியாக நீடித்தது 12 விநாடி. அவர்களில் 90 சதவீதம் பேருக்குக் கை கால் துடித்தது. பெரும்பாலோரின் கண்கள் திறந்தே இருந்தன. இவர்களில் யாரும் வலிப்பு நோயாளி அல்ல.

இந்தக் குழப்பத்தின் விலை என்ன? 2000ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், வலிப்பு என்று முடிவுகட்டி அனுப்பப்பட்ட 74 பேரை இதயப் பரிசோதனைகளுக்கு உட்படுத்தினார்கள். மாத்திரைக்குக் கட்டுப்படாதவர்களும், நோய் முடிவே சந்தேகத்துக்குரியதாக இருந்தவர்களும்தான் அவர்கள். 31 பேருக்கு வேறு காரணம் கிடைத்தது.

இந்தியாவில் இந்த முத்திரை மாத்திரையோடு நிற்பதில்லை. 1976ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, திரும்பத் திரும்ப வலிப்பு வருபவரின் திருமணத்தை இந்து திருமணச் சட்டப்படி செல்லாததாக்கக் கோர முடிந்தது. 1999ல்தான் நாடாளுமன்றம் 'வலிப்பு' என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து நீக்கியது. சட்டம் மாறினாலும் பெண் பார்க்க வருபவர்களின் மனம் அவ்வளவு வேகமாக மாறிவிடவில்லை. பள்ளி வரிசையில் இரண்டு முறை மயங்கிய பெண்ணுக்கு வலிப்பு மாத்திரை ஆரம்பித்தால் அதைக் குடும்பமே சேர்ந்து மறைக்கிறது. வலிப்பு உள்ளவர்களுக்கே நியாயமில்லாத இந்த அவமானம், அது இல்லாதவர்கள் தலையிலும் விழுகிறது.

டிரைவிங் லைசென்ஸ் விஷயமும் உண்டு. விண்ணப்பத்தோடு தரவேண்டிய படிவம் 1, வலிப்பையும் எந்தக் காரணத்தாலும் திடீரென நினைவிழப்பதையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்கிறது. வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்குக் காரணம் சரியாகத் தெரிவது வாழ்க்கைப் பிரச்னை. தெரிந்தால் சிகிச்சை உண்டு. தெரியாவிட்டால் மறைப்பதுதான் வழி என்றாகிவிடுகிறது. அது அவருக்கும் ஆபத்து, சாலையில் போகிறவர்களுக்கும் ஆபத்து.

இரண்டையும் பிரித்தறியப் பார்த்தவரின் விவரம் உதவும். மயக்கத்தில் முகம் வெளுக்கும். வெட்டு சில விநாடிகளே இருக்கும், விழுந்த பிறகே தொடங்கும். வலிப்பில் முகம் நீலம் பாரிக்கும், உடல் விறைத்தபடியே விழும், வெட்டு ஓரிரு நிமிடம் சீராகத் தொடரும், நாக்கின் பக்கவாட்டில் பல் பதிந்திருக்கும். மயங்கியவர் கண் விழித்ததும் தான் எங்கே இருக்கிறோம் என்பதை அறிந்துகொள்வார். வலிப்பு வந்தவர் வெகுநேரம் குழம்பி, பிறகு அசந்து தூங்குவார். உடையில் சிறுநீர் போவது இரண்டிலும் நடக்கலாம். அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

கண்களை இறுக மூடிக்கொண்டு பத்து நிமிடம், அரை மணி என்று கிடப்பவர்கள் வேறு ரகம். பேய், சாமி, நடிப்பு என்று பல பெயர் இதற்கு. மன அழுத்தம் உடல் வழியாக வெளிப்படும் நிலை இது, பொய்யல்ல. இவர்களுக்குத் தேவை மனநல மருத்துவரின் உதவி, வேப்பிலை அடி அல்ல.

மலிவான மூன்று

மயங்கி விழுந்தவருக்கு முதலில் எழுதப்படுவது பெரும்பாலும் மூளையின் சி.டி. ஸ்கேன். அடுத்தது இ.இ.ஜி. தலையில் அடிபடாமல், பேச்சிலோ கை கால் பலத்திலோ குறை இல்லாமல் எழுந்தவருக்கு மூளை ஸ்கேன் தேவையில்லை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2012லேயே அறிவுறுத்தியது. இ.இ.ஜி.யோ ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும் கோளாறு காட்டும். வலிப்பு உள்ளவர்கள் பலருக்கும் ஒன்றும் காட்டாது.

ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவச் சங்கங்கள் முதலில் செய்யச் சொல்பவை எளியவை: நடந்ததை விரிவாகக் கேட்பது, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்ப்பதோடு உடலைப் பரிசோதிப்பது, ஓர் இ.சி.ஜி. எடுப்பது. தாலுகா ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடியவை. இவற்றில் சந்தேகம் எழுந்தால்தான் அடுத்த கட்டம். வால்வையும் தசையையும் பார்க்க எக்கோ. துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்ய உடலில் மாட்டும் ஹோல்டர் கருவி. எப்போதாவது வரும் மயக்கத்துக்கு, தோலுக்கடியில் வைத்துச் சில வருடங்கள் இதயத்தைக் கண்காணிக்கும் சின்னஞ்சிறு பதிவுக் கருவி. சாய்வு மேசைப் பரிசோதனை 1986ல் லண்டன் மருத்துவர்கள் அறிமுகப்படுத்தியது. நோயாளியை மேசையில் கட்டி, 60, 70 டிகிரி நிமிர்த்தி, மயக்கத்தை டாக்டரின் கண்ணெதிரிலேயே வரவழைப்பார்கள்.

சாதாரண மயக்கத்துக்குச் சிகிச்சை பெரும்பாலும் கடையில் கிடைப்பதல்ல. தண்ணீர் நிறையக் குடிப்பது, ரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ இல்லாதவர்கள் டாக்டர் ஆலோசனைப்படி உப்பைக் கொஞ்சம் கூட்டுவது, வயிற்றைக் காயப்போடாமல் இருப்பது. அறிகுறி தெரிந்ததும் கூச்சப்படாமல் படுத்துவிடுவது. படுக்க முடியாத இடத்தில் கால்களைக் குறுக்காகப் பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்குவது அல்லது இரு கைகளையும் கோத்துக்கொண்டு எதிரெதிராக இழுப்பது. இது வெறும் பாட்டி வைத்தியமல்ல. 2006ல் வெளியான ஆய்வில் 223 பேரைப் பிரித்துப் பார்த்தபோது, இந்தப் பயிற்சி இல்லாதவர்களில் 51 சதவீதம் பேருக்கு மயக்கம் திரும்ப வந்தது. பயின்றவர்களில் 32 சதவீதம் பேருக்கே வந்தது.

ஆக, டாக்டரைப் பார்க்கப் போகும்போது படித்த மருமகனை அழைத்துப்போவதைவிட, விழுந்த நேரத்தில் பக்கத்தில் இருந்தவரை அழைத்துப்போவதுதான் புத்திசாலித்தனம். அவர் சமையல்கார அம்மாவாக இருக்கலாம், வாட்ச்மேனாக இருக்கலாம், வகுப்புத் தோழியாக இருக்கலாம். நேரில் வர முடியாவிட்டால் போனிலாவது பேச வைக்கலாம். அவர் சொல்லும் ஐந்து நிமிட விவரம் ஸ்கேன் காட்டாததைக் காட்டிவிடும்.

கண்ணெதிரே ஒருவர் மயங்கினால்

* மட்டமாகப் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். தூக்கி நிறுத்த வேண்டாம்.

* வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். உடல் வெட்டினால் பற்களுக்கிடையில் எதையும் திணிக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

* மூச்சு இல்லை அல்லது திணறித் திணறி வருகிறது என்றால் அது மயக்கமல்ல, இதயம் நின்றிருக்கலாம். உடனே நெஞ்சின் மத்தியில் வேகமாக அழுத்தத் தொடங்குங்கள். 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

* ஓரிரு நிமிடத்தில் நினைவு திரும்பாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் சர்க்கரை குறைந்திருக்கலாம். வெயிலில் விழுந்தவரின் உடல் கொதித்து, பேச்சு உளறினால் வெப்பத் தாக்கு. உடலை நனைத்துக் குளிர்வித்தபடியே கொண்டுபோக வேண்டும்.

* ஒருவர் உதவிக்கொண்டிருக்கும்போது மற்றவர் போனில் சில விநாடி வீடியோ எடுக்கட்டும். டாக்டருக்குக் காட்ட மட்டும், ஊருக்குக் காட்ட அல்ல.

* அன்றே இதயப் பரிசோதனை தேவைப்படுபவர்கள்: ஓடும்போதோ படுத்திருக்கும்போதோ மயங்கியவர், முன்னறிவிப்பே இல்லாமல் விழுந்தவர், விழுமுன் படபடப்போ நெஞ்சு வலியோ இருந்தவர், ஏற்கெனவே இதய நோய் உள்ளவர், குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம் கண்டவர்.